மிச்சிகன் ஃபுட்பால் சீசன் டிக்கெட்: எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது, எப்போது விற்பது

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள கேன்டன், நோவை, ட்ராய் பக்கத்து நம் ஆட்களிடமிருந்து எனக்கு வரும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, ஒஹாயோ ஸ்டேட் ஆட்டத்துக்கு ரெண்டு டிக்கெட் கிடைக்குமா?" அதன் பின்னாலேயே இன்னொன்றும் வரும். "சீசன் டிக்கெட்டே வாங்கி மத்த ஆட்டத்தையெல்லாம் வித்துட்டா இது சும்மா கிடைச்ச மாதிரிதானே?" ஒஹாயோ ஸ்டேட் எங்கள் பரம எதிரி அணி, அதனால் முதல் கேள்விக்கு என் பதில் பெரும்பாலும் 'இல்லை'. இரண்டாவதற்குப் பதில் கொஞ்சம் நீளம், அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு மிச்சிகன் பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணியின் சீசன் டிக்கெட் (சொந்த மைதானத்தில் நடக்கும் எல்லா ஆட்டத்துக்கும் சேர்த்து வாங்குவது) நான்கு இருக்கிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை சனிக்கிழமைகள் எங்களுக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் ஊரில்தான். ஆனாலும் எல்லா ஆட்டத்துக்கும் போக முடிவதில்லை. கொலு வரும், பிள்ளைகளின் போட்டிகள் வரும், ஊரிலிருந்து யாராவது வருவார்கள். போக முடியாததை விற்றுவிடுகிறேன். வியாபாரத்துக்காக டிக்கெட் வாங்குபவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. பாதிக்கு மேல் ஆட்டங்களை உட்கார்ந்து பார்க்க ஆசைப்படுகிற, மிச்சத்தால் கையைச் சுட்டுக்கொள்ள விரும்பாத குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மிச்சிகன் ஸ்டேடியம் 1927-ல் திறந்தது. இன்றைக்கு அதன் கொள்ளளவு 107,601. ரசிகர்கள் இல்லாமல் ஆடிய 2020 கொரோனா சீசனைத் தவிர, 1975 நவம்பரிலிருந்து அங்கே நடந்த எல்லா ஆட்டத்துக்கும் லட்சம் பேருக்கு மேல் என்றுதான் கணக்கு. இதைக் கேட்டதும் 'அப்படியென்றால் டிக்கெட் எப்போதும் விலைபோகும்' என்று தோன்றும். உண்மை நேர்மாறு. லட்சம் இருக்கைகள் சீசன் டிக்கெட்காரர்கள் கையிலும் மாணவர்கள் கையிலும் இருப்பதால்தான், சாதாரண ஆட்டம் வரும் வாரத்தில் விற்க நிற்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வாங்க வருபவர்கள் அவ்வளவு இல்லை. டிக்கெட் காபி விலைக்கு இறங்கிவிடும். ஒஹாயோ ஸ்டேட் மாதிரி ஒரு ஆட்டம் மட்டும் வேறு உலகம்.

நீங்கள் கட்டுகிற பணத்தில் என்னென்ன இருக்கிறது

சீசன் டிக்கெட் பில் மூன்று துண்டாக வரும். ஆட்டங்களுக்கான டிக்கெட் விலை ஒன்று. அந்த இருக்கையில் உட்கார உரிமை வேண்டுமென்றால் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய இருக்கை நன்கொடை இரண்டாவது. சேவைக் கட்டணம் மூன்றாவது. நன்கொடை மைதானத்தின் நடுக்கோட்டை நெருங்க நெருங்க ஏறும், இரண்டு முனைகளுக்குப் போகப் போக இறங்கும். நல்ல இடத்தில் நன்கொடையே டிக்கெட் விலையைத் தொட்டுவிடும், சில இடத்தில் தாண்டியும் போகும். அதனால் 'டிக்கெட் எவ்வளவு?' என்று கேட்காதீர்கள். 'ஒரு இருக்கைக்கு இந்த ஆண்டு மொத்தமாக எவ்வளவு கட்டுகிறேன்?' என்று கேளுங்கள். விற்கும்போது விலை வைப்பதும் இந்த மொத்தத்திலிருந்துதான்.

நன்கொடை என்ற பெயரைப் பார்த்து வரிச்சலுகை உண்டு என்று இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 2017 வரை இருந்தது, அதில் 80 சதவீதத்தைக் கழிக்கலாம். அந்த ஆண்டு இறுதியில் வந்த வரிச்சட்டம் அதை எடுத்துவிட்டது. 2018 முதல் டிக்கெட் உரிமைக்காகக் கொடுக்கும் பணத்துக்குக் கழிவு கிடையாது.

இனி வரும் ஆண்டுகளில் இந்தத் தொகை குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தப்படி, பல்கலைக்கழகங்கள் தங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு சுமார் 20.5 மில்லியன் டாலர். அந்தப் பணம் எங்கிருந்தாவது வரவேண்டுமே! டென்னசி பல்கலைக்கழகம் 2025 சீசன் புதுப்பிப்பில் வீரர்களுக்கென்றே 10 சதவீதக் கட்டணத்தை வெளிப்படையாகச் சேர்த்தது. களத்தில் அடிபட்டு விழுகிற பிள்ளைகளுக்குப் பங்கு கிடைப்பது நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் வீட்டு பட்ஜெட்டில் அதற்கும் இடம் ஒதுக்கியாக வேண்டும்.

இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போதே விற்பனையை நினையுங்கள்

புதிதாக வாங்குபவருக்கு நடுக்கோடு கிடைக்காது. ஆண்டுகளாகப் புதுப்பித்தவர்களும் அதிகம் நன்கொடை கொடுத்தவர்களும் புள்ளிகள் சேர்த்துவைத்திருப்பார்கள், அந்த வரிசைப்படிதான் இடம் கிடைக்கும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. இந்த ஸ்டேடியம் தரையைத் தோண்டிக் கட்டிய கிண்ணம். வாசலில் நுழைந்ததும் மேலே ஏற வேண்டியதில்லை, படியில் கீழே இறங்க வேண்டும். மூலையில் உயரமான வரிசை கிடைத்தால் ஆட்டம் முழுவதும் வரைபடம் மாதிரி தெரியும். மிகக் கீழே கிடைத்தால், எதிரில் நிற்கும் வீரர்களின் முதுகுதான் தெரியும். முதல் பத்து வரிசைக்கும் மூலையில் அறுபதாவது வரிசைக்கும் நடுவில் கேட்டால் நான் அறுபதாவதைத்தான் எடுப்பேன்.

பெரும்பகுதி நாற்காலி கிடையாது, அலுமினிய பெஞ்சு. அதில் எண் ஒட்டியிருக்கும், ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் பெரிது. செப்டம்பரில் சமாளிக்கலாம். நவம்பரில் எல்லோரும் பஞ்சுக் கோட்டு போட்டு வரும்போது இருபது பேர் உட்காரும் வரிசையில் பதினாறு பேர்தான் அடங்குவார்கள். தாமதமாக வருபவர் நடுவில் நுழைந்து பக்கவாட்டில் திரும்பித்தான் உட்கார வேண்டும். இதனால் வழியோரம் உள்ள இருக்கைக்கு எப்போதும் கூடுதல் மதிப்பு உண்டு. எங்கள் நான்கில் ஒன்று வழியோரம். விற்பனைப் பட்டியலில் 'வழியோர இருக்கை' என்று ஒரு வரி சேர்த்தால் அதே வரிசையின் மற்ற டிக்கெட்டுகளைவிட முன்னதாகப் போய்விடுகிறது.

வெயிலையும் கவனியுங்கள். மைதானம் வடக்கு தெற்காக நீண்டது. மேற்குப் பக்கம் உட்கார்ந்தால் பிற்பகல் சூரியன் முதுகுக்குப் பின்னால் போகும், கிழக்குப் பக்கம் உட்கார்ந்தால் முகத்தில் அடிக்கும். செப்டம்பர் ஆட்டத்துக்குக் குழந்தையோடு வரும் குடும்பம் மேற்கைத்தான் தேடும். நவம்பரில் அதே மேற்கில் நிழல் சீக்கிரம் விழுந்து குளிர் ஏறும், கிழக்கில் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும்.

எத்தனை இருக்கை? இரண்டு அல்லது நான்கு. மூன்று வாங்கினால் விற்கும்போது ஒன்று தனியாக நிற்கும். ஒற்றை டிக்கெட் கடைசி நாள்வரை போகாது, போனாலும் பாதி விலைக்குத்தான்.

பிள்ளை அதே பல்கலைக்கழகத்தில் படிக்கிறான் என்றால் மாணவர் டிக்கெட் தனி வழி. மலிவு, ஆனால் மாணவர் அடையாள அட்டையோடு சேர்ந்தது. அப்பா அம்மா அதை வைத்து உள்ளே போக வேண்டுமென்றால் வித்தியாசப் பணத்தைக் கட்டி மாற்ற வேண்டும்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எடை போடுங்கள்

இதுதான் முக்கியம். பலரும் மொத்தத்தை ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்து 'ஒரு ஆட்டம் இத்தனை டாலர்' என்று முடிவு செய்கிறார்கள். அந்த எண்ணை வைத்து விற்கப் போனால் சிறிய ஆட்டம் ஒன்றும் விற்காது, பெரிய ஆட்டத்தை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடுவீர்கள்.

2023 சீசனை எடுத்துக்கொள்வோம். ஆன் ஆர்பரில் ஏழு ஆட்டங்கள்: ஈஸ்ட் கரோலினா, யுஎன்எல்வி, பௌலிங் கிரீன், ரட்கர்ஸ், இண்டியானா, பர்டூ, ஒஹாயோ ஸ்டேட். கணக்கு எளிதாக இருக்க, ஒரு இருக்கைக்கு எல்லாம் சேர்த்து 1,000 டாலர் கட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். வகுத்தால் ஆட்டத்துக்கு 143 டாலர் வருகிறது. பௌலிங் கிரீன் மாதிரி ஒரு சிறிய அணியின் ஆட்டத்துக்கு 143 கொடுக்க யார் வருவார்கள்?

நான் செய்வது இப்படி. முதல் மூன்று ஆட்டங்களுக்குத் தலா 1 புள்ளி. ரட்கர்ஸ், இண்டியானா இரண்டுக்கும் தலா 2. பர்டூ நவம்பர் இரவு ஆட்டம், அதற்கு 3. ஒஹாயோ ஸ்டேட்டுக்கு 10. மொத்தம் 20 புள்ளி, ஒரு புள்ளி 50 டாலர். ஆக ஒஹாயோ ஸ்டேட் டிக்கெட்டின் அடக்கம் 500, பர்டூ 150, ரட்கர்ஸும் இண்டியானாவும் நூறு நூறு, மற்ற மூன்றும் ஐம்பது ஐம்பது. சந்தை நடந்துகொள்வதும் ஏறக்குறைய இந்த விகிதத்தில்தான். புள்ளிகளை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் உட்கார்ந்து போடுங்கள், கட்டிய பிறகு போட்டால் மனது நமக்குச் சாதகமாகவே எண் சொல்லும்.

இப்போது அந்த இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஒஹாயோ ஸ்டேட்டை வைத்துக்கொண்டு மற்ற ஆறையும் விற்றால் சும்மா கிடைக்குமா? ஆறின் அடக்கம் 500. சிறிய ஆட்டங்களில் அடக்கவிலை வருவதே அரிது, அதற்கு மேல் கமிஷன். கைக்கு 250 வந்தால் நல்ல விற்பனை. அப்படியென்றால் அந்த ஒரு ஆட்டத்துக்கு நீங்கள் கொடுத்தது 750. அந்த விலைக்கு நேரடியாகவே ஒரு டிக்கெட் வாங்கியிருக்கலாம், ஆறு ஆட்டத்தை விற்கும் அலைச்சல் இல்லாமல். ஒரே ஒரு ஆட்டம் பார்க்க சீசன் டிக்கெட் வாங்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். நான்கைந்து ஆட்டம் பார்ப்பவருக்கு மட்டுமே இது பலன் தரும்.

ஆண்டுக்கு ஆண்டு எடை மாறும் என்பதையும் மறக்கக்கூடாது. ஒஹாயோ ஸ்டேட் ஆன் ஆர்பருக்கு வருவது ஒற்றைப்படை ஆண்டுகளில். இரட்டைப்படை ஆண்டுகளில் மிச்சிகன் ஸ்டேட் வருகிறது. 2024-ல் எட்டு ஆட்டங்கள் இருந்தன, ஒஹாயோ ஸ்டேட் இல்லை. ஆனால் டெக்சஸ், யுஎஸ்சி, மிச்சிகன் ஸ்டேட், ஆரகன் நான்கும் ஒரே சீசனில் வந்தன. 2023-ல் ஒரே ஆட்டத்தின் தலையில் இருந்த எடை, 2024-ல் நான்கு தோள்களுக்குப் பிரிந்தது. விற்க விரும்புகிறவருக்கு அது நல்ல ஆண்டு.

எந்த ஆட்டம் நமக்கு வேண்டாம்?

ஆட்ட அட்டவணையையும் வீட்டு நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நம் வீடுகளில் பண்டிகைக் கொண்டாட்டம் வாரநாளில் நடப்பதில்லை, அதை ஒட்டிய சனிக்கிழமைக்குத்தான் தள்ளிப்போகிறது. 2024-ல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. அடுத்த சனிக்கிழமை நவம்பர் 2, நாட்டின் முதலிடத்தில் இருந்த ஆரகன் ஆன் ஆர்பரில். 2025-ல் தீபாவளி அக்டோபர் 20, திங்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை வாஷிங்டன் ஆட்டம். இது மார்ச்சிலேயே தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம். தெரிந்தால் மார்ச்சிலேயே முடிவு செய்யலாம், அக்டோபர் இரண்டாம் வாரத்தில் அவசரமாக விற்க வேண்டியதில்லை. ஒஹாயோ ஸ்டேட் ஆட்டம் எப்போதும் நன்றிசெலுத்தும் நாளுக்கு மறுநாளுக்கு மறுநாள், அந்த வாரம் இந்தியா போகத் திட்டமிடுபவர்கள் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரம் மட்டும் முன்கூட்டித் தெரியாது. மிச்சிகன் ஆடும் பிக் டென் லீக்கின் ஆட்டங்களை 2023-லிருந்து ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றும் பங்கிட்டு ஒளிபரப்புகின்றன. ஃபாக்ஸுக்கு நண்பகல், சிபிஎஸ்ஸுக்கு மூன்றரை மணி, என்பிசிக்கு இரவு. சில ஆட்டங்களின் நேரம் கோடையிலேயே வந்துவிடும். மற்றவற்றுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, சில சமயம் ஆறே நாள் முன்பு. அக்டோபர் கடைசியில் இரவு ஏழரை மணி ஆட்டம் என்று அறிவித்தால் சின்னக் குழந்தை உள்ள வீடு பின்வாங்கும், இளைஞர்கள் கூடுவார்கள். நேரம் அறிவித்த அன்றே உங்கள் விலையைத் திரும்பப் பாருங்கள்.

எப்போது விற்பது

சிறிய ஆட்டங்களை ஆகஸ்டிலேயே பட்டியலில் போட்டுவிடுங்கள். சீசன் தொடங்கும் முன்தான் எல்லோருக்கும் ஆசை இருக்கும், 'இந்த வருஷம் ஒரு ஆட்டத்துக்காவது பிள்ளைகளைக் கூட்டிப் போகணும்' என்று பெற்றோர் தேடுவது அப்போதுதான். நாட்கள் ஓட ஓட விலை இறங்கும், சனிக்கிழமை காலையில் தரையைத் தொடும். ஐம்பது டாலர் அடக்கத்துக்கு ஆகஸ்டில் முப்பத்தைந்து கிடைத்தால் நான் கொடுத்துவிடுவேன். செப்டம்பர் நடுவில் அதற்குப் பதினைந்துகூட வராது.

பெரிய ஆட்டத்தை விற்க முடிவு செய்திருந்தால் ஒரு பகுதியை முன்பே விற்பது என் வழக்கம். நான்கில் இரண்டைச் சீசன் தொடங்குவதற்கு முன், மீதி இரண்டை ஆட்டம் நெருங்கும்போது. காரணம், பெரிய ஆட்டத்தின் விலை இரண்டு அணிகளின் நிலையைப் பொறுத்தது. 2024-ல் எங்கள் அணி தேசிய சாம்பியனாகச் சீசனைத் தொடங்கியது. கோடையில் ஆரகன் டிக்கெட்டை எல்லோரும் பொன்னாகப் பார்த்தார்கள். நவம்பர் வருவதற்குள் அணி மூன்று ஆட்டம் தோற்றிருந்தது, நம் ரசிகர்களின் வேகம் குறைந்துவிட்டது. அந்த ஆட்டமும் 38-17 என்று கைநழுவியது. அதே 2024-ல் யுஎஸ்சி ஆட்டத்தை விற்காமல் வைத்திருந்தோம். 37 வினாடி மிச்சமிருக்கும்போது, கோல் கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால், கடைசியான நான்காவது முயற்சியில் எங்கள் வீரர் கேலல் மல்லிங்ஸ் உள்ளே பாய்ந்தார். 27-24 என்று ஜெயித்தோம். எனக்கு முன்வரிசையில் இருந்த முன்பின் தெரியாத தாத்தா திரும்பி என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். எந்த விலைக்கு விற்றிருந்தாலும் நான் வருத்தப்பட்டிருப்பேன். அதனால் வருமானத்தை மட்டும் பார்த்துப் பெரிய ஆட்டத்தையெல்லாம் விற்றுவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒன்றாவது உங்களுக்கென்று இருக்கட்டும்.

எதிரணி ரசிகர்களும் விலையை ஏற்றுவார்கள். ஒஹாயோ ஸ்டேட் இருக்கும் கொலம்பஸிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரத்தில் ஆன் ஆர்பர் வந்துவிடலாம், எல்லைக்கு அப்பால் டொலீடோ இன்னும் பக்கம். ஒஹாயோ ஸ்டேட் ஆட்டத்தைப் பொதுத்தளத்தில் விற்றால் உங்கள் இருக்கையில் அவர்களுடைய சிவப்புச் சட்டை உட்காரும் வாய்ப்பு அதிகம். எனக்கு அது பிடிக்காது. பக்கத்தில் வருஷக்கணக்காக உட்காருகிறவர்களுக்கும் பிடிக்காது. அந்த ஒரு ஆட்டத்தைத் தெரிந்தவர்களுக்கு மட்டும், அடக்கவிலைக்குக் கொடுக்கிறேன். அதில் நாலு காசு குறைந்தாலும் பரவாயில்லை.

பட்டியலில் போடும் முறை

டிக்கெட் இப்போது எல்லாம் ஃபோனில்தான். உங்கள் பல்கலைக்கழக டிக்கெட் கணக்குக்குள் போனால் விற்பதற்கும் மாற்றிக் கொடுப்பதற்கும் பொத்தான்கள் இருக்கும். அங்கிருந்து அதிகாரபூர்வ மறுவிற்பனைத் தளத்துக்கே போய்விடும். முதலில் அதைப் பயன்படுத்துங்கள். மறுவிற்பனைச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பல்கலைக்கழகமே காட்டுகிற வழியில் போனால் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை, டிக்கெட் உண்மையானதா என்ற சந்தேகம் வாங்குபவருக்கும் இல்லை. ஸ்டப்ஹப், சீட்கீக் போன்ற தளங்களிலும் போடலாம். ஆனால் ஒரே டிக்கெட்டை இரண்டு தளத்தில் போட்டுவிட்டு மறந்துபோகக் கூடாது. இரண்டிலும் விற்றுவிட்டால், கொடுக்க முடியாத தளம் வாங்கியவருக்கு மாற்று டிக்கெட் வாங்கித் தந்து அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டும்.

விலை வைக்கும்போது மூன்று எண்கள் உண்டு: நீங்கள் போடும் விலை, உங்கள் கைக்கு வருவது, வாங்குபவர் கொடுப்பது. தளம் விற்பவரிடம் பத்து முதல் பதினைந்து சதவீதம் எடுக்கும், வாங்குபவரிடமும் தனியாக வாங்கும். கைக்கு 500 வர வேண்டும், கமிஷன் 10 சதவீதம் என்றால் 556 என்று போட வேண்டும். வாங்குபவருக்கு 25 சதவீதக் கட்டணம் ஏறினால் அவர் திரையில் தெரிவது 695. 2025 மே 12 முதல் அமெரிக்காவில் நேரடி நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்கு எல்லாக் கட்டணமும் சேர்த்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்பது விதி. ஆகவே வாங்குபவர் மாதிரி உள்ளே போய் உங்கள் பகுதியில் என்ன விலை தெரிகிறது என்று பாருங்கள். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு உங்கள் எண்ணைப் போடுங்கள்.

பார்க்க வேண்டியது உங்கள் பகுதியில், உங்கள் வரிசைக்கு அருகில், இரண்டு டிக்கெட்டாகக் கிடைக்கும் மிகக் குறைந்த விலை மட்டுமே. மேலே இருக்கும் விலைகள் ஆசைகள், விற்றவை அல்ல. அந்தக் குறைந்த விலைக்கு இரண்டு மூன்று டாலர் கீழே நின்றால் போதும். நான்கை ஒன்றாகப் போடும்போது 'ஒற்றையாக மிச்சம் விடாதே' என்ற தேர்வைக் கட்டாயம் இடுங்கள். வாங்குபவர் இரண்டாகவோ நான்காகவோ மட்டும் எடுக்க முடியும்.

பட்டியலில் போட்டுவிட்டு விட்டுவிட வேண்டாம். ஆட்ட வாரத்தில் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் பார்த்து விலையை இறக்குகிறேன். வெள்ளிக்கிழமை மாலை வானிலை தெரிந்துவிடும், மழை என்றால் உடனே இன்னும் இறக்குவேன். இதற்குக் கீழே போகமாட்டேன் என்ற எண்ணை முதலிலேயே எழுதிவைத்திருப்பேன். அதைத் தொட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, புதிதாக ஊருக்கு வந்த குடும்பம் யாருக்காவது கொடுத்துவிடுவேன். ஆறு டாலருக்கு விற்பதைவிட, முதல்முறை படியிறங்கி அந்தக் கிண்ணத்தைப் பார்க்கும் பிள்ளைக்குக் கொடுப்பது மேல்.

விற்ற பணம் பெரும்பாலும் ஆட்டம் முடிந்த பிறகுதான் வங்கிக்கு வரும். மார்ச்சில் கடன் அட்டையில் கட்டி, செப்டம்பர் விற்பனையில் அடைக்கலாம் என்று திட்டமிட்டால் வட்டி தின்றுவிடும். பல்கலைக்கழகம் மாதத் தவணை கொடுத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கார் நிறுத்தும் அனுமதி தனியாக இருந்தால் டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுக்காமல் தனியாகவே விற்கலாம். ஸ்டேடியத்துக்கு எதிரே பயோனியர் உயர்நிலைப் பள்ளி வளாகம், கோல்ஃப் மைதானம் எல்லாம் ஆட்ட நாளில் நிரம்பி வழியும், சுற்றுப்பட்ட வீட்டுக்காரர்கள் தங்கள் புல்வெளியிலேயே வண்டி நிறுத்த இடம் கொடுப்பார்கள். சிறிய ஆட்டத்தில் டிக்கெட்டைவிட இடத்துக்கு அதிகம் கிடைப்பதும் உண்டு.

தெரிந்தவர்களுக்கு விற்கும்போது

இது எனக்கு மிகவும் பிடித்த வழி. தளத்துக்குப் போகிற இரண்டு பக்கக் கமிஷனும் மிச்சம். 50 டாலர் எனக்கு வர வேண்டிய ஆட்டத்தை நண்பருக்கு 50-க்கே கொடுத்தால் எனக்கும் குறையில்லை, அவருக்கு இருபது டாலர் மிச்சம். எடைக்கணக்கைப் போட்ட தாளையே வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிடுவேன். 'அக்கா எங்ககிட்ட லாபம் பார்க்குது' என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

பணம் முதலில், டிக்கெட் அப்புறம். ஸெல் (Zelle) பணப் பரிமாற்றச் செயலியில் பணம் வந்ததும் அவருடைய மின்னஞ்சலுக்கு மாற்றி அனுப்புங்கள். அவர் அதை ஏற்றுக்கொண்டால்தான் டிக்கெட் அவருடையது. ஏற்றுக்கொள்ளாதவரை உங்கள் கணக்கில்தான் நிற்கும். வெள்ளிக்கிழமை இரவுக்குள் ஏற்றுக்கொண்டு ஃபோன் வாலட்டில் சேர்த்துவிட்டாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். லட்சம் பேர் கூடும் இடத்தில், வாசலில் நின்று கடவுச்சொல் தேடும்போது சிக்னலும் கிடைக்காது. டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது கூடவே கூடாது. வாங்கும்போதும் யாராவது ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால் விலகிவிடுங்கள், ஒரே படத்தைப் பத்துப் பேருக்கு விற்கலாம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு விற்றால் இரண்டு வரி சேர்த்துச் சொல்லுங்கள். பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள், அல்லது அந்த ஆண்டுப் பை விதியைப் பார்க்கச் சொல்லுங்கள். பெஞ்சில் விரிக்க ஒரு மெத்தைத்துண்டு. சாப்பாடு உள்ளே போகாது, புளியோதரையை ஆட்டத்துக்கு முன் கார் டிக்கியைத் திறந்து வைத்துச் சாப்பிட வேண்டியதுதான்.

வரியும் புதுப்பித்தலும்

விற்றதில் லாபம் இருந்தால் அது வருமானம், கணக்கில் காட்ட வேண்டும். உங்கள் விற்பனைத் தொகையை வரித்துறைக்குத் தெரிவிக்கும் 1099-கே படிவத்தைத் தளங்கள் அனுப்பும் வரம்பு சில ஆண்டுகள் குழப்பமாக இருந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் பழைய வரம்பையே திரும்பக் கொண்டுவந்தது: 20,000 டாலருக்கு மேலும் 200 பரிமாற்றங்களுக்கு மேலும். நம் மாதிரிக் குடும்பத்துக்குப் பெரும்பாலும் படிவம் வராது. வராவிட்டாலும் லாபத்துக்கு வரி உண்டு. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய டிக்கெட்டில் வந்த நஷ்டத்தைக் கழிக்க முடியாது. எடைக்கணக்குத் தாள் இங்கேயும் உதவும், ஒவ்வொரு டிக்கெட்டின் அடக்கத்தையும் அதுதான் காட்டும்.

ஒப்பந்தத்தைப் படியுங்கள். சீசன் டிக்கெட் சொத்து இல்லை, பல்கலைக்கழகம் திரும்பப் பெறக்கூடிய அனுமதி. எல்லா ஆட்டத்தையும் விற்றுக்கொண்டே இருக்கும் கணக்கைப் புதுப்பிக்க மறுக்கும் உரிமையைப் பல பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கின்றன. அவர்கள் அப்படிச் செய்வதை நான் வரவேற்கிறேன். அந்த இருக்கைக்காகக் காத்திருக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள்.

சீசன் முடிந்தபின்னும் டிக்கெட்டுக்கு ஒரு பயன் உண்டு. 2024-லிருந்து தேசியப் பட்டப் போட்டியில் பன்னிரண்டு அணிகள். ஐந்து முதல் எட்டு வரை தரவரிசை பெற்ற அணிகள் முதல் சுற்றை டிசம்பரில் சொந்த மைதானத்திலேயே ஆடுகின்றன. அப்படி ஒன்று வந்தால் டிக்கெட்டுக்கு முதல் உரிமை சீசன் டிக்கெட்காரருக்கு வரும். பதில் சொல்லக் கொடுக்கும் நாட்கள் மிகக் குறைவு, நவம்பர் கடைசியில் மின்னஞ்சலைத் தினமும் பாருங்கள்.

இரட்டைப்படை ஆண்டில் விட்டுவிட்டு, ஒஹாயோ ஸ்டேட் வரும் ஒற்றைப்படை ஆண்டில் திரும்ப வாங்கலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். விட்டால் இருக்கை போய்விடும். திரும்ப வரும்போது வரிசையின் கடைசியில் நின்று, மிச்சமிருப்பதில் ஒன்றை எடுக்க வேண்டும். இடம் பிடித்திருந்தால் இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து எடைக்கணக்கு போடுங்கள், இரண்டு ஆண்டில் எத்தனை ஆட்டம் நிஜமாகப் போவீர்கள் என்று வீட்டில் எல்லோரையும் கேட்டு எழுதுங்கள். பாதிக்குக் கீழே வந்தால் அந்த ஆண்டு புதுப்பிக்காமல், மூன்று நான்கு ஆட்டங்கள் கொண்ட சிறிய தொகுப்பு விற்கிறார்களா என்று டிக்கெட் அலுவலகத்தைக் கேளுங்கள்.